கையில் சரக்கு இருந்தால்தான் கூட்டாளி: பிரிட்டனும் அமெரிக்காவும் அணுகுண்டைப் பங்குபோட்ட கதை

வணிகவியல் படிக்கிறவர்கள் எல்லோரும் பரீட்சைக்காக ஒருமுறையாவது உருப்போட்டிருக்கும் சட்டம், 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். அதில் 9-ஆவது பிரிவு எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நியாயமாகவும் விசுவாசமாகவும் நடந்துகொள்ள வேண்டும், சரியான கணக்கைக் காட்ட வேண்டும், தொழிலைப் பாதிக்கும் தகவல்களை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்கிறது அது. சொல்லாவிட்டால்? கோர்ட் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், வழக்குப் போடலாம்.

சரி, இரண்டு நாடுகள் கூட்டாளிகளாகச் சேர்ந்து ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கினால்? நடுவில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டால் இன்னொருவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

இதற்கு வரலாற்றில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. ஒரே மொழி பேசுகிற, ஒரே யுத்தத்தில் தோளோடு தோள் நின்ற இரண்டு நாடுகள், பிரிட்டனும் அமெரிக்காவும். அவர்கள் சேர்ந்து செய்த சரக்கு, அணுகுண்டு. சரக்கு பயங்கரமானதுதான். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதல் போட்டது யார்?

அணுகுண்டு என்றதும் நமக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும். ஆனால் "இது நடக்கக்கூடிய காரியம்" என்று முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது பிரிட்டனில்.

1940 மார்ச். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ ஃபிரிஷ், ருடால்ஃப் பையர்ல்ஸ் என்று இரண்டு விஞ்ஞானிகள். இருவரும் ஹிட்லரின் ஆட்சியால் அகதிகளாக வந்தவர்கள். அந்நியர்கள் என்பதால் ரேடார் போன்ற ரகசிய யுத்த வேலைகளில் அவர்களைச் சேர்க்கவில்லை. சும்மா இருந்த நேரத்தில் அவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். குண்டு செய்ய டன் கணக்கில் யுரேனியம் வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, யுரேனியம்-235 என்ற வகையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்தால் கிலோ கணக்கே போதும் என்று சில பக்கங்களில் எழுதிக் கொடுத்தார்கள். ரகசிய வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து அந்த யுத்தத்தின் மிகப் பெரிய ரகசியம் வந்தது!

அந்தக் கணக்கை ஆராய 'மாட்' என்ற பெயரில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1941 ஜூலையில் அறிக்கை தயார்: குண்டு சாத்தியம், இந்த யுத்தத்திலேயே பயன்படலாம். அறிக்கை அமெரிக்காவுக்கும் போனது. பதிலே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க ஆகஸ்டில் மார்க் ஆலிஃபண்ட் என்ற விஞ்ஞானி அங்கே போனார். அமெரிக்க யுரேனியக் குழுவின் தலைவர், அறிக்கைகளைப் பத்திரமாகத் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். குழுவின் மற்ற உறுப்பினர்களுக்குக்கூடக் காட்டவில்லை! ஆலிஃபண்ட் ஊர் ஊராகப் போய் அமெரிக்க விஞ்ஞானிகளைச் சந்தித்துப் பேசிய பிறகுதான் அங்கே வேகம் பிடித்தது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1941 அக்டோபர் 11 அன்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், பிரதமர் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார். இந்த வேலையை இரு நாடுகளும் ஒருங்கிணைத்தோ சேர்ந்தோ செய்யலாமே என்று கேட்டார். சமபங்கு கூட்டாளியாக ஆவதற்கு பிரிட்டனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பு அது. ஆனால் அன்று முன்னிலையில் இருந்தது பிரிட்டன். அமெரிக்கா இன்னும் யுத்தத்திலேயே இறங்கவில்லை, ரகசியம் கசிந்துவிடுமோ என்ற பயம் வேறு. பிடி கொடுக்காமல் பதில் சொன்னார்கள்.

ஒரே வருடத்தில் நிலைமை தலைகீழ். 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதல், அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. பணமும் ஆட்களும் அருவியாகக் கொட்டின. மன்ஹாட்டன் திட்டத்துக்கு கடைசியில் ஆன செலவு சுமார் 200 கோடி டாலர், உச்சத்தில் வேலை செய்தவர்கள் லட்சத்துக்கும் மேல். ஜெர்மானியக் குண்டுவீச்சுக்கு நடுவில் இருந்த பிரிட்டனால் அப்படி ஒரு தொழிற்சாலையைக் கனவுகூடக் காண முடியாது.

1942 ஜூலையில் பிரிட்டிஷ் அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சன் சர்ச்சிலுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நாம் முன்னோடியாகச் செய்த வேலை, நாளுக்கு நாள் மதிப்புக் குறைந்துவரும் ஒரு சொத்து. சீக்கிரம் அதைப் பயன்படுத்திக்கொள்ளாவிட்டால் அவர்கள் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பது அதன் சாரம். நம் பாஷையில் சொன்னால், தேய்மானம்! மெஷினுக்கும் கட்டடத்துக்கும் தேய்மானம் போடக் கற்றுத் தருகிறார்கள். அறிவுக்கும் தேய்மானம் உண்டு என்று அந்த மனிதர் எழுதிவைத்திருக்கிறார். :-)

ஆண்டர்சன் பயந்தபடியே ஆனது. 1943 ஜனவரியில் அமெரிக்கா தகவல் பரிமாற்றத்தைப் பெருமளவு நிறுத்திவிட்டது. உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படாத தகவல் உங்களுக்கு எதற்கு என்பது அவர்கள் வாதம்.

கியூபெக் பத்திரம்

சர்ச்சில் விடவில்லை. மாதக்கணக்கில் ரூஸ்வெல்ட்டை நச்சரித்தார். 1943 ஆகஸ்ட் 19 அன்று கனடாவின் கியூபெக் நகரில் இருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் சாராம்சம் இது:

1. இந்த ஆயுதத்தை ஒருவர் மீது ஒருவர் பயன்படுத்துவதில்லை.
2. மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாம் நாட்டின் மீதும் பயன்படுத்துவதில்லை.
3. மற்றவர் சம்மதம் இல்லாமல் மூன்றாம் தரப்புக்குத் தகவல் கொடுப்பதில்லை.
4. யுத்தத்துக்குப் பிறகு இதிலிருந்து வரும் தொழில், வணிக லாபங்களில் பிரிட்டனுக்கு என்ன பங்கு என்பதை அமெரிக்க ஜனாதிபதியே முடிவு செய்வார்.

நான்காவது ஷரத்தை இன்னொரு முறை படியுங்கள். லாபப் பங்கை மற்ற கூட்டாளியின் இஷ்டத்துக்கே விடுவதாக எந்தக் கூட்டாளியாவது பத்திரத்தில் எழுதிக் கொடுப்பாரா? பிரிட்டன் எழுதிக் கொடுத்தது. கையில் இருந்த சரக்கு தேய்ந்துபோயிருந்தது, வேறு வழியில்லை.

ஆனாலும் பலன் இருந்தது. இரண்டு டஜன் அளவுக்கு பிரிட்டிஷ் குழு விஞ்ஞானிகள் லாஸ் அலமோஸுக்குப் போனார்கள். ஜேம்ஸ் சாட்விக், வில்லியம் பென்னி, முதலில் கணக்குப் போட்ட ஃபிரிஷ், பையர்ல்ஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். கிளாஸ் ஃபூக்ஸ் என்ற இன்னொரு பெயரும் இருந்தது. அவரைப் பற்றிப் பிறகு.

1944 செப்டம்பரில் ரூஸ்வெல்ட்டின் ஹைட் பார்க் வீட்டில் இன்னொரு குறிப்பில் இரு தலைவர்களும் கையொப்பம் இட்டார்கள். ஜப்பான் தோற்ற பிறகும், இருவரும் சேர்ந்து முடிவு கட்டும்வரை, முழு ஒத்துழைப்பு தொடரும் என்றது அது. கியூபெக்கில் விட்டதையெல்லாம் ஹைட் பார்க்கில் பிடித்துவிட்டதாக பிரிட்டன் நினைத்தது.

1945 ஜூலை 4 அன்று, குண்டைப் பயன்படுத்த பிரிட்டன் தன் சம்மதத்தை முறைப்படி பதிவு செய்தது. அடுத்த மாதம் ஹிரோஷிமா, நாகசாகி.

கதவு சாத்தப்பட்டது

இதற்கிடையில் 1945 ஏப்ரல் 12 அன்று ரூஸ்வெல்ட் இறந்துவிட்டார். ஹைட் பார்க் குறிப்பின் அமெரிக்கப் பிரதி எங்கே? தேடினார்கள், கிடைக்கவில்லை. அணுத் திட்டத்துக்கு பிரிட்டன் வைத்திருந்த ரகசியப் பெயர் 'டியூப் அலாய்ஸ்', அதாவது குழாய் உலோகக் கலவை. அதைப் பார்த்து ஏதோ கப்பல் சமாச்சாரம் என்று கடற்படை உதவியாளரின் கோப்புகளில் சேர்த்துவிட்டார்கள்! பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

அதைவிடப் பெரிய கோளாறு, கியூபெக் ஒப்பந்தமே அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தெரியாது என்பது. இரண்டு தலைவர்கள் ரகசியமாகப் போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் 1945 ஜூலைத் தேர்தலில் தோற்றுவிட்டார்.

புதிய பிரதமர் அட்லி, 1945 நவம்பரில் வாஷிங்டன் போய் ஜனாதிபதி ட்ரூமனிடமும் கனடாப் பிரதமரிடமும் முழுமையான, பயனுள்ள ஒத்துழைப்பு என்ற வாசகத்துடன் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். சில மாதங்களில் ட்ரூமன் அதற்கு விளக்கம் சொன்னார்: உங்களுக்கு அணு ஆலை கட்ட உதவுவோம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 1946 ஜூனில் அட்லி நீளமாக ஒரு தந்தி அனுப்பினார். பதில் வரவில்லை.

1946 ஆகஸ்ட் 1 அன்று ட்ரூமன் கையெழுத்திட்ட அணுசக்திச் சட்டம்தான் பதில். செனட்டர் மக்மஹோன் கொண்டுவந்ததால் மக்மஹோன் சட்டம் என்பார்கள். (இந்திய சீன எல்லைக்கோட்டின் மக்மஹோன் வேறு, இவர் வேறு.) அணு ஆயுத ரகசியங்களை எந்த வெளிநாட்டுக்கும் கொடுக்கக் கூடாது என்றது சட்டம். நேச நாடு, எதிரி நாடு என்ற வித்தியாசமே இல்லை. பிரிட்டனின் அணுத்துறையில் வேலை செய்த ஆலன் நன் மே என்ற விஞ்ஞானி சோவியத் யூனியனுக்கு உளவு சொன்னதாக அந்த வருட மார்ச்சில் கைதானதும் சட்டத்தை இறுக்கியது.

1952-இல் சர்ச்சில் மறுபடி பிரதமராக வாஷிங்டன் போனபோது, கியூபெக் ஒப்பந்தம் முன்பே தெரிந்திருந்தால் அப்படி ஒரு சட்டமே வந்திருக்காது என்று மக்மஹோன் அவரிடம் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. தெரிந்திருந்தால் நிஜமாகவே வந்திருக்காதா? எனக்குச் சந்தேகம்தான். 1947-இல் ஒப்பந்தம் பற்றிக் கேள்விப்பட்ட மற்ற செனட்டர்கள் கொதித்துப்போனார்கள். நம் குண்டைப் போட பிரிட்டனின் சம்மதம் வேண்டுமா என்று கேட்டார்கள். 1948 ஜனவரியில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. பிரிட்டன் அந்தச் சம்மத உரிமையை விட்டுக் கொடுத்தது, காங்கோ யுரேனியத்தில் தன் பங்கையும் விட்டுக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தது ஒன்பது துறைகளில் மட்டுமே தகவல், அதிலும் குண்டு செய்முறை கிடையாது.

சொந்தக் கடை

கதவு சாத்தப்பட்டபோது பிரிட்டன் ஏறக்குறைய திவாலான நாடு. 1946-இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது. ரொட்டிக்கே ரேஷன். அந்த அக்டோபரில் நடந்த ரகசியக் கூட்டத்தில், யுரேனிய ஆலைக்கெல்லாம் நம்மிடம் காசில்லை என்று நிதியமைச்சர் டால்டனும் வர்த்தக அமைச்சர் கிரிப்ஸும் சொன்னார்கள். தாமதமாக உள்ளே வந்தார் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் என்னிடம் பேசியது போல எனக்குப் பின்னால் வரும் யாரிடமும் பேசக் கூடாது, என்ன செலவானாலும் சரி, குண்டு வேண்டும், அதன் மேல் நம் கொடி பறக்க வேண்டும் என்ற பொருளில் அவர் பேசியதை அங்கே இருந்த அதிகாரி ஒருவர் பிறகு நினைவுகூர்ந்தார். 1947 ஜனவரியில் முடிவானது. முழு அமைச்சரவைக்குக்கூடச் சொல்லவில்லை.

லாஸ் அலமோஸிலிருந்து திரும்பிய பென்னி தலைமை தாங்கினார். காகிதம் எதையும் கொண்டுவர முடியவில்லை, மூளையில் கொண்டுவந்தது மட்டும்தான். வடமேற்கு இங்கிலாந்தின் கடற்கரையில் வின்ட்ஸ்கேல் என்ற இடத்தில் புளூட்டோனியம் தயாரிக்க இரண்டு அணு உலைகள் எழுந்தன.

நடுவில் இன்னோர் இடி. அந்த லாஸ் அலமோஸ் குழுவில் இருந்த கிளாஸ் ஃபூக்ஸ், சோவியத் உளவாளி! 1950 பிப்ரவரியில் கைதாகி 14 வருடத் தண்டனை பெற்றார். 1951-இல் டொனால்ட் மக்லீன் என்ற ராஜதந்திரி மாஸ்கோ பக்கம் ஓடிப்போனார். இரு நாடுகளின் அணு விவகாரங்களைக் கவனித்த கூட்டுக் குழுவிலேயே செயலாளராக இருந்தவர் அவர். பிரிட்டனிடம் ரகசியம் தங்காது என்ற அமெரிக்கர்களின் பேச்சுக்கு பிரிட்டனிடம் பதில் இல்லை.

1952 அக்டோபர் 3. மேற்கு ஆஸ்திரேலியாவின் மான்டி பெல்லோ தீவுகளில், பிளிம் என்ற பழைய போர்க் கப்பலுக்குள் வைத்து பிரிட்டன் தன் முதல் குண்டை வெடித்தது. சுமார் 25 கிலோடன். கதவு திறந்ததா? இல்லை. நான்கே வாரத்தில், நவம்பர் 1 அன்று, அமெரிக்கா ஹைட்ரஜன் முறையில் 10 மெகாடனுக்கும் மேல் வெடித்துக் காட்டியது. பிரிட்டன் கொண்டுபோன சரக்கு கடைக்குப் போய்ச் சேருவதற்குள் பழசாகிவிட்டது.

1957

1954-இல் பிரிட்டன் ஹைட்ரஜன் குண்டுக்கு முடிவெடுத்தது. அப்போது அணுச் சோதனைகளுக்குத் தடை வேண்டும் என்ற குரல் உலகம் முழுக்க வலுத்துவந்தது. தடை வருவதற்குள் செய்து காட்டியாக வேண்டும். 1956 சூயஸ் விவகாரத்தில் அமெரிக்கா பிரிட்டனின் கையை முறுக்கிப் பின்வாங்க வைத்திருந்ததும் சேர்ந்துகொண்டது.

1957 மே, ஜூன் மாதங்களில் பசிபிக் கடலின் மால்டன் தீவருகே மூன்று சோதனைகள். உலகம் அவற்றை பிரிட்டனின் ஹைட்ரஜன் குண்டு என்று வியந்தது. உண்மையில் மூன்றில் ஒன்றுகூட ஒரு மெகாடனைத் தொடவில்லை. அதிக சக்தி காட்டியது உண்மையான ஹைட்ரஜன் குண்டே அல்ல, பெரிதாக்கிய பழைய வகை.

கடைசியில் கதவைத் திறந்தவர்களில் சோவியத் யூனியனும் ஒன்று! 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் வானில் பறந்தது. அமெரிக்கா ஆடிப்போனது. கூட்டாளிகளின் மூளையையும் சேர்த்துக்கொண்டால்தான் ஈடுகொடுக்க முடியும் என்ற பேச்சு எழுந்தது. பிரதமர் மேக்மில்லன் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டார். அக்டோபர் 23 முதல் 25 வரை வாஷிங்டனில் ஜனாதிபதி ஐசனோவருடன் பேச்சு. சட்டத்தைத் திருத்தப் பாடுபடுவதாக ஐசனோவர் வாக்குக் கொடுத்தார். நவம்பர் 8 அன்று கிறிஸ்துமஸ் தீவருகே பிரிட்டனின் குண்டு 1.8 மெகாடன் வெடித்தது. இந்த முறை அசல் சரக்கு.

1958 ஜூலை 2 அன்று மக்மஹோன் சட்டம் திருத்தப்பட்டது. மறுநாள் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. திருத்தத்தில் ஒரு நிபந்தனை: அணு ஆயுதத் துறையில் ஏற்கெனவே கணிசமான முன்னேற்றம் கண்ட நாட்டுக்கே அந்த ரகசியங்களைக் கொடுக்கலாம். அதாவது, நீயே செய்யத் தெரிந்தவனானால்தான் எப்படிச் செய்வதென்று சொல்லிக் கொடுப்பேன்! நான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்ததே இந்த ஒரு நிபந்தனைக்காகத்தான். பழைய நட்பு, போட்ட கையெழுத்து, யுத்தத்தில் சிந்திய ரத்தம் எதற்கும் அதில் இடமில்லை. 1943-இலும் 1944-இலும் 1945-இலும் வாங்கிய கையெழுத்துகளால் திறக்காத கதவு, நீங்கள் கொடுக்காவிட்டாலும் நாங்கள் செய்துகொள்வோம் என்று காட்டியபோது திறந்தது.

செலவுக் கணக்கு

ஆனால் லாபத்தை மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. அந்தச் சரக்கைத் தயாரிக்க ஆன செலவு எங்கே?

முதலில் வின்ட்ஸ்கேல். புளூட்டோனியத்துக்காகக் கட்டிய உலையில், ஹைட்ரஜன் குண்டு அவசரத்துக்காக ட்ரிடியம் என்ற பொருளையும் தயாரிக்கச் சொன்னார்கள். அதற்காக உலைக்குள் வைக்கும் பொதிகளை மாற்றினார்கள், பாதுகாப்புக்கான இடைவெளி குறைந்துகொண்டே போனது. 1957 அக்டோபர் 10 அன்று உலைக்குள் தீ. தேதியைக் கவனியுங்கள், ஸ்புட்னிக் பறந்து ஆறாவது நாள். டாம் டூயி என்ற அதிகாரி உலையின் உச்சிக்கே ஏறிப் பார்த்தார். மறுநாள், வெடித்துவிடக்கூடும் என்று தெரிந்தே தண்ணீரைப் பாய்ச்சி, காற்றையும் நிறுத்தி அணைத்தார்கள். கதிரியக்க அயோடின் வயல்வெளிகளில் படிந்தது. சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலை ஒரு மாத அளவுக்குக் கொட்டினார்கள். அந்த விபத்தால் சுமார் 240 பேருக்குப் புற்றுநோய் வந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

பென்னி விசாரித்து அக்டோபர் 26 அன்று அறிக்கை கொடுத்தார். மேக்மில்லன் அதை வெளியிடவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் படித்தால், இவர்களை நம்பியா ரகசியம் கொடுப்பது என்று கேட்பார்களே! சுருக்கிய வெள்ளை அறிக்கை ஒன்று வந்தது, பழி பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்கள் மீது விழுந்தது. முழு அறிக்கையை நாட்டு மக்கள் பார்த்தது 1988 ஜனவரியில். பால் கொட்டிய விவசாயிக்கும் உயிரைப் பணயம் வைத்த தொழிலாளிக்கும் சொல்லாத உண்மையைக் கூட்டாளிக்குப் பயந்து 30 வருடம் மறைத்தார்கள். 9-ஆவது பிரிவு ஞாபகம் வருகிறதா?

அடுத்தது ஆஸ்திரேலியா. மான்டி பெல்லோவுக்குப் பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவின் எமு ஃபீல்டிலும் மரலிங்காவிலும் சோதனைகள் நடந்தன. அங்கே யாரும் இல்லை என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் அது பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடமாக நடந்து திரிந்த பூமி. 1953 அக்டோபர் 15 அன்று எமு ஃபீல்டில் வெடித்த குண்டுக்குப் பிறகு கருப்பு மூடுபனி ஒன்று தங்கள் முகாம் மீது உருண்டு வந்ததாக அவர்கள் சொன்னார்கள். அப்போது சிறுவனாக இருந்த யாமி லெஸ்டர் பிறகு பார்வையை இழந்தார். அந்தப் பனிதான் காரணம் என்று நம்பிய அவர், நியாயம் கேட்டு வாழ்நாள் முழுக்கப் போராடினார். 1984, 85-இல் ஆஸ்திரேலியா அமைத்த அரச விசாரணைக் குழு, அன்றைய காற்று நிலையில் அந்தக் குண்டை வெடித்திருக்கவே கூடாது என்று சொன்னது. 1994-இல் மரலிங்கா மக்களுக்கு இழப்பீடாக 1.35 கோடி ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது.

இவர்கள் யாரும் கூட்டாளிகள் இல்லை. பத்திரத்தில் இவர்கள் பெயர் கிடையாது, லாபத்தில் பங்கும் கிடையாது. நஷ்டத்தில் மட்டும் பங்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு நாடுகளும் பண்டமாற்று செய்துகொண்டன. 1960 முதல் 1979 வரை பிரிட்டன் கொடுத்தது சுமார் 5.4 டன் புளூட்டோனியம். அமெரிக்கா கொடுத்தது சுமார் 7.5 டன் செறிவூட்டிய யுரேனியமும் 6.7 கிலோ ட்ரிடியமும். ஆமாம், அதே ட்ரிடியம். எதை அவசரமாகத் தயாரிக்கப்போய் வின்ட்ஸ்கேல் எரிந்ததோ, அது பிறகு பண்டமாற்றில் வந்து இறங்கியது.

கதவு திறந்த பிறகு

இனி எல்லாம் சுபம் என்று முடிக்கலாம்தான். ஆனால் கதவு திறந்ததும் இன்னொன்று நடந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வேலையை பிரிட்டன் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. அமெரிக்காவின் மார்க் 28 குண்டின் வடிவமைப்பைத் தழுவியே தன் அடுத்த குண்டைச் செய்தது. முதல் அணு நீர்மூழ்கிக் கப்பலான டிரெட்நாட்டுக்கு அமெரிக்க அணு உலை வாங்கியது. 1960-இல் சொந்த ஏவுகணைத் திட்டமான புளூ ஸ்ட்ரீக்கை ரத்து செய்தது. அதற்குப் பதில் அமெரிக்கா தயாரித்துக்கொண்டிருந்த ஸ்கைபோல்ட் ஏவுகணை கிடைக்கும் என்று பேச்சு. கைம்மாறாக ஸ்காட்லாந்தின் ஹோலி லோக்கில் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இடம் கொடுத்தார்கள்.

1962 இறுதியில், செலவும் தோல்வியும் அதிகம் என்று அமெரிக்கா ஸ்கைபோல்ட்டை ரத்து செய்தது. அமெரிக்காவைப் பொறுத்தவரை பல திட்டங்களில் ஒன்று போயிற்று. பிரிட்டனுக்கு வேறு திட்டமே இல்லை. அந்த டிசம்பரில் பஹாமாஸின் நாசாவில் மேக்மில்லன் ஜனாதிபதி கென்னடியிடம் மன்றாடி போலாரிஸ் ஏவுகணைகளைப் பெற்றார். 1963 ஏப்ரலில் விற்பனை ஒப்பந்தம். ஏவுகணை விலையோடு ஆராய்ச்சிச் செலவுக்கான பங்காக 5 சதவீதம் கூடுதல். இருபது வருடத்துக்கு முன்னால் கண்டுபிடிப்பின் கணக்கைப் போட்டுக் கொடுத்த நாடு, இப்போது வாடிக்கையாளர். அதற்குள் 1963 ஜனவரியில், பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் முட்டுக்கட்டை போட்டுவிட்டார். அமெரிக்காவோடு பிரிட்டன் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்கிருந்த ஆட்சேபங்களில் முக்கியமானது.

போலாரிஸுக்குப் பிறகு ட்ரைடன்ட் வந்தது. வெடிமுனைகளை பிரிட்டனே ஆல்டர்மாஸ்டனில் செய்தாலும், ஏவுகணைகள் அமெரிக்காவின் கிங்ஸ் பே தளத்தில் இருக்கும் பொதுச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. 1958 ஒப்பந்தத்தின் சில முக்கியப் பகுதிகளை அவ்வப்போது புதுப்பித்து வந்தார்கள். 2024-இல் அவற்றுக்குக் காலக்கெடுவே இல்லாமல் ஆக்கினார்கள். 2021-இல் அறிவித்த ஆக்கஸ் ஏற்பாட்டில், நீர்மூழ்கிக்கான அணு இயக்கத் தொழில்நுட்பத்தை ஆஸ்திரேலியாவுக்கும் கொடுக்க இருவரும் முன்வந்தார்கள். சோதனைக்கு நிலம் கொடுத்த நாட்டை வரிசையில் சேர்த்துக்கொள்ள அறுபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். உயர் தொழில்நுட்பத்தில் இரு நாடுகள் கைகுலுக்கும் புகைப்படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் கூட்டறிக்கையின் வாசகங்களைப் படித்துப் பூரித்துப்போகிறோம். படிக்க வேண்டியது வேறு. இந்தக் கையெழுத்து நாளைக்கே செல்லாமல் போனால், இரண்டு பேரில் யாரால் தனியாகத் தாக்குப்பிடிக்க முடியும்? 1946-இல் பிரிட்டனுக்கு அது தடுமாற்றமான பதிலாக இருந்தது, 1957-இல் தெளிவான பதிலாக இருந்தது, 1962-இல் பதிலே இல்லை. மூன்று சமயத்திலும் நட்பு ஒன்றுதான். கிடைத்த மரியாதை மட்டும் வேறு வேறு.

கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். அந்தப் பதிலைத் தெளிவாக்க வேண்டும் என்ற அவசரத்தில் யாருடைய பால் கொட்டப்படுகிறது, யாருடைய நிலம் காலி நிலம் என்று எழுதப்படுகிறது? ஐந்தொகையில் அந்த வரியைச் சேர்க்காமல் இரண்டு பக்கமும் சரியாகக் கூடிவிட்டது என்று சொன்னால், அந்தக் கணக்கை நான் நம்ப மாட்டேன்.